நேத்து மழை இங்க திடீர்னு அடிச்சுது

என் கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பின்னால் பி.இ. என்று அச்சாகியிருந்தது. அப்போது நான் பி.இ. முடித்திருக்கவில்லை. நான்கு வருடப் படிப்பில் மற்ற எல்லாப் பாடமும் தேறிவிட்டு, முதல் வருடத்துக் கணக்குப் பேப்பர் ஒன்று மட்டும் அரியராக நின்றது. பத்திரிகை அடிக்கக் கொடுத்தது அப்பா. அச்சகத்தில் இருந்து போன் போட்டு, பி.இ. என்று மட்டும் போட்டால் போதுமா, எந்தப் பிரிவு என்றும் போடணுமா என்று கேட்டார். அவர் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டபின் எனக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. அடுத்த தேர்விலேயே எழுதி முடித்துவிட்டால் இது பொய்யே இல்லை என்று சமாதானம் செய்துகொண்டேன். அதற்குப் பிறகு ஏழு வருடம் அது பொய்யாகவே இருந்தது.

பிளஸ் டூ வரை நான் படித்தது அரசுப் பள்ளியில், தமிழ் வழியில். அங்கே கணக்கு எனக்குப் பிடித்த பாடம். வகையிடல், தொகையிடல், மடக்கை, திரிகோணமிதி எல்லாம் அந்தப் பெயர்களோடுதான் எனக்குப் பழக்கம். கல்லூரிக்குப் போன முதல் வாரத்தில் அவையெல்லாம் வேறு பெயரில் வந்து நின்றன. தொகையிடல் இன்டக்ரேஷன் ஆனது. மடக்கை லாக் ஆனது. பாடம் எடுத்தவர் நல்ல மனிதர்தான், ஆனால் வேகம் அதிகம். ஒரு வரியை நான் தமிழுக்கு மாற்றி முடிப்பதற்குள் அவர் நான்காவது வரியில் இருப்பார்.

இரண்டு சார்புகள் பெருக்கலாக நின்றால் பகுதித் தொகையிடல் முறையில் போட வேண்டும். அதில் எதை முதலாவதாக எடுப்பது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. சரியாக எடுத்தால் கணக்கு இரண்டு படியில் சுருங்கும். மாற்றி எடுத்தால் போகப் போக நீண்டுகொண்டே போய், பக்கம் தீர்ந்தாலும் கணக்கு தீராது. அதற்காக அவர் போர்டில் ஐ, எல், ஏ, டி, இ என்று ஐந்து ஆங்கில எழுத்துகளை எழுதிப்போட்டார். இன்வர்ஸ், லாக், அல்ஜிப்ரா, ட்ரிக், எக்ஸ்பொனென்ஷியல். இந்த வரிசையில் எது முன்னால் வருகிறதோ அதுதான் முதலாவது. வகுப்பே அதை எழுதிக்கொண்டு நிம்மதியானது.

எனக்கு அதில்தான் வினை. தேர்வறையில் பதற்றம் வந்ததும் மூளை தமிழுக்கு ஓடிவிடும். ஐ என்றால் இன்வர்ஸ் என்று தோன்றாது, இயற்கணிதம் என்று தோன்றும். ஏ என்றால் அல்ஜிப்ரா என்று தோன்றாது, அடுக்குக்குறி என்று தோன்றும். கடைசியில் வர வேண்டியது நடுவிலும், நடுவில் வர வேண்டியது முதலிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆறு தடவை எழுதினேன். ஆறு தடவையும் தொகையிடல் கேள்விகளில்தான் வழுக்கினேன். பிறகு பல்கலைக்கழகம் கொடுத்த கெடுவும் முடிந்துபோனது.

கல்யாணமாகி வந்த ஊர், தருமபுரியில் இருந்து போகும்போது கடத்தூருக்கு மூன்று கிலோமீட்டர் முன்னால், ரோட்டை ஒட்டியே இருக்கிறது. வீட்டுக்காரர் கடத்தூரில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். அத்தை இரண்டு மாடுகளையும் மரவள்ளிக் காட்டையும் பார்த்துக்கொள்வார். நான் தருமபுரியில் ஓர் இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். ஊரில் யாருடைய செல்போனாவது வேலை செய்யவில்லை என்றால் அத்தை அதை வாங்கி என்னிடம் கொண்டுவந்துவிடுவார். தன் மருமகள் எஞ்சினியர் என்று அவர் சொல்லாத ஆள் அந்த ரோட்டில் கிடையாது. பேப்பரில் ஏதாவது வேலைக்கு விளம்பரம் வந்தால் வீட்டுக்காரர் கத்தரித்து வைத்திருப்பார். நான் வயசு வரம்பு, தூரம், ஏதாவது ஒரு காரணம் சொல்லி மடித்து அலமாரியில் போட்டுவிடுவேன். அவரும் இரண்டாம் தடவை கேட்க மாட்டார். அது ஏன் என்று நான் அப்போது யோசித்ததில்லை.

ஒரு நாள் காலையில் மையத்துக்கு ஒரு பெண் வந்தார். என் வயசுதான் இருக்கும். இடுப்பில் மூன்று வயசுக் குழந்தை. பழைய அரியர்களை எழுத பல்கலைக்கழகம் ஒரு சிறப்பு வாய்ப்பு கொடுத்திருக்கிறது, அதற்கு ஆன்லைனில் போட்டுத் தர வேண்டும் என்றார். அந்த அறிவிப்பு என் கண்ணில் படவே இல்லை. எத்தனை பேப்பர் என்று கேட்டேன். பக்கத்தில் ஜாதிச் சான்றிதழுக்கும் பட்டாவுக்கும் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். அந்தப் பெண் குரலைத் தாழ்த்தாமலே சொன்னார்.

"நாலு இருக்குதுங்க. பதினோரு வருசமாச்சு. எழுதித்தான் பாப்பமேன்னு."

அவருக்குப் பதிவு செய்து அச்செடுத்துக் கொடுத்தேன். அவர் போன பிறகு அந்தப் பக்கத்தை மூடாமல் வைத்திருந்தேன். மதியம் கூட்டம் குறைந்ததும் என் பதிவெண்ணை அடித்தேன். இத்தனை வருடத்தில் எதை எதையோ மறந்திருந்தேன், அந்தப் பன்னிரண்டு இலக்கம் மட்டும் விரலிலேயே இருந்தது.

வீட்டில் சொல்லவில்லை. இதிலும் போய்விட்டால் இரண்டு அவமானம் ஆகிவிடும் என்று பயம். படிப்பதற்குக் கிடைத்த இடம் பஸ்தான். போக முக்கால் மணி நேரம், வர முக்கால் மணி நேரம். ஆங்கில கைடு ஒன்று வாங்கி முதல் இரண்டு வாரம் முட்டினேன். பழையபடி ஐயும் ஏயும் இடம் மாறிக்கொண்டு நின்றன. மூன்றாவது வாரம் ஒரு யோசனை வந்தது. மையத்துக் கம்ப்யூட்டரில் பிளஸ் டூ தமிழ் வழிக் கணக்குப் புத்தகத்தை இறக்கி, தொகை நுண்கணிதம் பாடத்தைத் திறந்தேன். ரொம்ப நாள் கழித்துப் பிறந்த வீட்டுப் பக்கத்து ஆட்களைப் பஸ்ஸில் பார்த்தது போல இருந்தது. ஒவ்வொரு சொல்லும் என்னை அடையாளம் கண்டுகொண்டது. ஆங்கிலத்தில் எழுதினால் போதும், ஆங்கிலத்தில் யோசிக்க வேண்டும் என்று யார் சொன்னது என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

சாயங்கால பஸ்ஸில் டிக்கெட்டின் பின்னால் அந்த ஐந்தையும் அதே வரிசையில் தமிழில் எழுதினேன். நேர்மாறு, மடக்கை, இயற்கணிதம், திரிகோணமிதி, அடுக்குக்குறி. முதல் எழுத்துகள் நே, ம, இ, தி, அ. இவற்றை வைத்து ஒரு வாக்கியம் கட்ட வேண்டும். அர்த்தமில்லாத வாக்கியம் என்றால் அதுவும் மறந்துவிடும். யாராவது சாதாரணமாகப் பேசுகிற பேச்சாக இருக்க வேண்டும். நேராகப் போய், நேரம் ஆகி என்று என்னென்னவோ ஆரம்பித்துப் பார்த்தேன், எல்லாம் மூன்றாவது சொல்லில் நின்றுவிட்டது. முன் சீட்டில் இரண்டு பேர் கிணற்றில் தண்ணீர் இறங்கிப்போனதைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். அதைக் கேட்டுக்கொண்டே இருந்தபோது தானாக வந்தது. நேத்து மழை இங்க திடீர்னு அடிச்சுது.

இறங்கும் வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். அது கிடைத்த பிறகு மற்றவை தைரியமாக வந்தன. வர்க்கமூலத்துக்குள் எண்ணில் இருந்து எக்ஸ் வர்க்கம் குறைந்தால் சைன் பிரதியிட வேண்டும், இரண்டும் கூடினால் டேன், எக்ஸ் முன்னால் நின்று எண் கழிந்தால் செக். அதை, குறைஞ்சா சைன், கூடுனா டேன், எக்ஸ் முந்துனா செக் என்று ஆக்கிக்கொண்டேன். சைனைத் தொகையிட்டால் கழித்தல் குறியோடு காஸ் வரும், காஸைத் தொகையிட்டால் குறி இல்லாமல் சைன் வரும். அதை நான் எப்போதும் மாற்றி எழுதுவேன். சைன் போனா சண்டை, காஸ் போனா சமாதானம் என்று வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் இவற்றை முணுமுணுத்துக்கொண்டு வருவேன். யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். பாதிப் பேர் காதில் ஒயர் மாட்டிக்கொண்டு தனியாகப் பேசிக்கொண்டுதான் வருகிறார்கள்.

மாட்டிக்கொண்டது வீட்டில். ஒரு நாள் காலையில் பாத்திரம் கழுவிக்கொண்டே என்னையறியாமல் சத்தமாகச் சொல்லிவிட்டேன். அத்தை பால் கறந்துவிட்டு வந்து பின்னால் நின்றிருக்கிறார்.

"எங்க அடிச்சுது? நம்ம காட்டுல மண்ணு கூட நனையலயே."

பொம்மிடிப் பக்கமாம், பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள் என்று சொல்லி வைத்தேன். அவர் வானத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அதோடு முடிந்தது என்று நினைத்து நானும் வேலைக்குக் கிளம்பினேன்.

முடியவில்லை. அத்தையின் தம்பி பொம்மிடியில் இருக்கிறார். அவர் களத்தில் ராகி காயப்போட்டிருப்பது அத்தைக்குத் தெரியும். நனைந்துவிட்டதா என்று கேட்க போன் போட்டிருக்கிறார். தம்பி முந்தின நாள் காலையிலேயே ஏதோ வேலையாகச் சேலம் போய் அங்கேயே தங்கிவிட்டார். வீட்டில் அவர் சம்சாரம் போனை எடுக்கவில்லை. அங்கே மழையாம் என்று அக்கா சொன்னதும், போன வேலையை விட்டுவிட்டு அடுத்த ரயிலைப் பிடித்து ஊருக்கு ஓடியிருக்கிறார். போய்ப் பார்த்தால் களத்தில் ராகி வெயிலில் மொறுமொறுவென்று காய்ந்துகொண்டு இருந்திருக்கிறது. அவர் அக்காவைப் பிடித்துக் கத்தியிருக்கிறார்.

சாயங்காலம் நான் வீட்டுக்கு வரும்போது அத்தை வாசலிலேயே இருந்தார். உள்ளே வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்குச் சீக்கிரம் வந்துவிட்டார். அத்தை கோபமாகக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னொரு பொய் சொல்லியிருப்பேனோ என்னவோ.

"ஏம்மா, பொம்மிடியில மழன்னு உனக்கு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க அத்த. அது கணக்கு."

"கணக்கா?"

பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு பேப்பர் நின்றது, ஆறு தடவை போனது, பத்திரிகையில் போட்டது, இப்போது யாருக்கும் சொல்லாமல் பதிவு செய்திருப்பது, அந்த வாக்கியம் எதற்கு என்பது வரை. ஏழு வருடம் அடைத்து வைத்தது ஐந்து நிமிடத்தில் தீர்ந்துபோனது.

"அப்ப நீ எஞ்சினியர் இல்லியா?" என்றார் அத்தை.

"இன்னும் இல்லீங்க."

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். களி உருண்டை கையிலேயே நின்றிருந்தது. அவர் என்னைப் பார்க்காமல் அவர் அம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

"எனக்கும் ஒண்ணு இருக்குதும்மா."

"என்னா ஒண்ணு?"

"பேப்பரு. பி.காம்ல. காஸ்ட் அக்கவுண்ட்ஸ்."

பத்திரிகையில் அவர் பெயருக்குப் பின்னாலும் பி.காம். என்று இருந்தது. என்னிடம் அவர் ஒரு நாளும் இதைச் சொன்னதில்லை. வந்தது எஞ்சினியர் பெண், தனக்கு ஒரு டிகிரிகூட உருப்படியாக இல்லை என்று தெரிந்தால் மதிப்பு போய்விடும் என்று பயந்திருக்கிறார். நான் அவருக்குப் பயந்தேன், அவர் எனக்குப் பயந்தார். வேலை விளம்பரத்தைக் கத்தரித்து வைத்துவிட்டு இரண்டாம் தடவை கேட்காததற்கும் காரணம் அதுதான். சான்றிதழ் பேச்சு எடுத்தால் அது தன் பக்கமும் திரும்பிவிடுமே என்று.

அத்தை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப அந்தப் பத்திரிக்கையில நெசமா இருந்தது தேதி மட்டுந்தானா?"

முதலில் சிரித்தது நான்தான். அழுகையோடு சேர்ந்து வந்த சிரிப்பு. வீட்டுக்காரருக்குப் புரை ஏறியது. அத்தை தண்ணீர்ச் சொம்பை அவர் பக்கம் தள்ளிவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, தம்பிக்கு இப்போது என்ன பதில் சொல்வது என்று கவலைப்பட்டார். மறுநாள் போன் போட்டு, யாரோ தப்பாகச் சொல்லிவிட்டார்கள் என்று மட்டும் சொன்னார். என் பெயரை எடுக்கவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் சத்தமாகவே படித்தேன். அத்தைக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த வாக்கியம் அவருக்கு ஒரே நாளில் மனப்பாடம் ஆகிவிட்டது. மாட்டுக்குத் தீவனம் நறுக்கிக்கொண்டே சொல்லச் சொல்வார். தேர்வு நெருங்க நெருங்க எனக்குப் பழைய பதற்றம் திரும்பியது. ஒரு நாள் அவசரத்தில் நேத்து இங்க மழை என்று சொல்லிவிட்டேன். அவர் அரிவாளை நிறுத்திவிட்டு, "இல்ல. மழ மொதல்ல, அப்பறந்தான் இங்க" என்றார். உண்மையில் நான் மடக்கைக்கு முன்னால் இயற்கணிதத்தைத் தூக்கிப் போட்டிருந்தேன். அதே தப்பைத்தான் கல்லூரியிலும் செய்திருப்பேன், அங்கே பிடித்துச் சொல்ல ஆள் இல்லை. சைன் சண்டை, காஸ் சமாதானம் என்பதும் அவருக்குப் பிடித்துப்போயிற்று. யார் அவர்கள் என்று கேட்டார். இரண்டு பேர், ஒருத்தி இடத்துக்கு இன்னொருத்தி போவாள், ஒருத்தி மட்டும் போகும்போது சண்டை போட்டுவிட்டுப் போவாள் என்றேன். தன் சின்ன நாத்தனாரைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்.

தேர்வு தருமபுரியில் ஒரு கல்லூரியில். வீட்டுக்காரர் கடையை மூடிவிட்டு பைக்கில் கூட்டிப்போனார். வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்ததுமே எனக்குப் பாதிப் பாரம் இறங்கியது. நரைத்த தலைகள் இருந்தன. கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையோடு வந்தவர்கள் இருந்தார்கள். ஒரு பெண் மரத்தடியில் கைக்குழந்தையைத் தன் அம்மா மடியில் கொடுத்துவிட்டு, பால் பாட்டில் எந்தப் பையில் இருக்கிறது என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு ஓடிவந்தாள். நான் ஒருத்திதான் இப்படி என்று எத்தனை வருடம் நினைத்திருக்கிறேன்.

கேள்வித்தாளில் மூன்றாவது பெரிய கேள்வி, எக்ஸ் பெருக்கல் டேன் நேர்மாறு எக்ஸ். தலை ஒரு நிமிடம் வெறுமையானது. பழைய ஆறு தேர்வுகளும் ஒன்றாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தது போல இருந்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு உதட்டுக்குள் சொன்னேன். நேத்து, நேர்மாறு. முதலிலேயே வந்துவிட்டது. அப்படியானால் டேன் நேர்மாறுதான் முதலாவது, எக்ஸ் இரண்டாவது. கை எழுத ஆரம்பித்தது. பாதியில் எக்ஸ் வர்க்கத்தைக் கீழே ஒன்று கூட்டல் எக்ஸ் வர்க்கம் வகுத்துக்கொண்டு நின்ற இடத்தில் சற்றுத் தடுமாறினேன். மேலே ஒன்றைக் கூட்டி ஒன்றைக் கழித்ததும் அதுவும் உடைந்தது. கணக்கு நீளவில்லை. நான்கு வரியில் அடங்கி, முடிந்துபோய் நின்றது. இப்படி ஒரு கணக்கு என் கையில் முடிந்து பார்த்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. சந்தேகமாக இருந்ததால் விடையை வகையிட்டுச் சரிபார்த்தேன். கேள்வியே திரும்ப வந்தது.

மேற்பார்வைக்கு நின்றவர் என்னைவிட இளையவர். இன்னும் பத்து நிமிடம் என்றார். அப்போதுதான் பார்க்கிறேன், ஒரு விடையிலும் கடைசியில் கூட்டல் சி என்ற மாறிலியைப் போடவே இல்லை. அதற்கு நான் எந்த வாக்கியமும் கட்டி வைக்கவில்லை. முதல் பக்கத்தில் இருந்து திருப்பிக்கொண்டே போய் ஒவ்வொன்றுக்கும் போட்டேன். கடைசி சி போடும்போது மணி அடித்தது.

வெளியே வந்ததும் வீட்டுக்காரர், எப்படி எழுதினாய் என்று கேட்கவில்லை. பைக் ஸ்டாண்டை எடுத்துவிட்டு, பசிக்குதா என்று மட்டும் கேட்டார். பசித்தது. இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பரோட்டா சாப்பிட்டோம். சாப்பிடும்போது அவர் தன் பேப்பரைப் பற்றி முதல் தடவையாக விவரமாகச் சொன்னார். அதில் எந்தக் கணக்கில் விழுந்தார் என்பதுகூட அவருக்கு இன்னும் ஞாபகம் இருந்தது.

ரிசல்ட் வந்தபோது நான் மையத்தில் இருந்தேன். ஒரு பெரியம்மாவுக்கு வருமானச் சான்றிதழுக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பல்கலைக்கழக வலைப்பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே நின்றது. அவருடைய வேலையை முடித்து, அச்செடுத்து, கவரில் போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டுத்தான் மறுபடி திறந்தேன். என் பெயர், பாடத்தின் பெயர், அதற்கு நேராகத் தேர்ச்சி என்று இருந்தது. மேலே போய்ப் பதிவெண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சரிபார்த்தேன். என்னுடையதுதான். கத்தத் தோன்றவில்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டுச் சொன்னேன். பிறகு அத்தைக்கு. பாஸா என்றார், பாஸுங்க என்றேன். இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டு, மாடு கத்துகிறது என்று வைத்துவிட்டார். கடைசியாக அப்பாவுக்குப் போன் செய்தேன். அவரிடம் பாஸானதைச் சொல்வதற்கு முன்னால், பாஸாகாமல் இருந்ததைச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.

"இத்தன வருசமா இத ஒருத்தியா வெச்சிக்கிட்டு இருந்தியா?"

"ஆமாம்ப்பா."

"என்கிட்ட சொல்லியிருந்தா நான் என்னா பண்ணியிருக்கப் போறேன்? போட்டத அடிச்சிட்டு வேற அடிச்சிருப்பேன்" என்றார். பிறகு, மதியம் சாப்பிட்டாயா என்று கேட்டார்.

அன்றைக்குச் சாயங்கால பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. படிக்க ஒன்றும் இல்லை. முணுமுணுக்க ஒன்றும் இல்லை. தருமபுரி ஊர் எல்லை தாண்டியது ஞாபகம் இருக்கிறது. பிறகு கண்டக்டர் தோளுக்குப் பக்கத்துக் கம்பியைத் தட்டி எழுப்பினார். கடத்தூர் வந்துவிட்டது. எங்கள் ஊர் நிறுத்தம் எப்போதோ போய்விட்டது. அத்தனை வருடப் பயணத்தில் நான் நிறுத்தத்தைத் தவறவிட்டது அன்றுதான்.

இறங்கி வீட்டுக்காரர் கடைக்கு நடந்தேன். வெளிச்சம் இன்னும் இருந்தது. என்னைப் பார்த்ததும், இங்கே எப்படி வந்தாய் என்று கேட்டார். தூங்கிவிட்டேன் என்றேன். ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, ஒருத்தர் மோட்டாருக்காகக் காத்திருக்கிறார், மாட்டிக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றார். டீ வந்தது. சுவரில் சாய்ந்து குடித்தேன். அவர் வேலையை முடிப்பதற்குள் மறுபடி தூங்கிப்போனேன். அவர் எழுப்பவில்லை.